ஆம்பிளிஃபயர் பெட்டி மூடியில் ஆறு ஆசை

தம்பி,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. பசை இல்லாமல் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும் என்றுதான் திறந்தபடியே அனுப்புகிறேன். நீ படித்து முடித்ததும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கொடு. அவள் படித்ததும் சிதம்பரத்தில் அவள் அப்பாவிடம் கொடுக்கட்டும். அவர் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், என் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினாலும் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் சௌக்கியமா என்று நீ நேற்றே போனில் கேட்டுவிட்டதால் அதை எழுதி இடத்தை வீணாக்கவில்லை. உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் வாங்கிப் படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்கு என்னை விடுவதாக ஒப்பந்தம். ஆகையால் இதில் இருப்பது எல்லாம் சோதனை போட்டு முத்திரை குத்திய சரக்கு. தைரியமாக நம்பு.

முந்தாநாள் உன் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் வாங்க மஞ்சக்குப்பம் அச்சகத்துக்குப் போனேன். மஞ்சள் தாளில் அழகாக அடித்து வைத்திருந்தார்கள். வரவேற்பு நிகழ்ச்சி நிரலைத்தான் முதலில் பார்த்தேன். வரவேற்புரை, உன் மாமனார். வாழ்த்துரை, ஏழு பேர். கடைசியில் நன்றியுரை. நம் பக்கத்தில் எந்தக் கல்யாணத்தை எடுத்துக்கொண்டாலும் நன்றியுரை மாப்பிள்ளையைப் பெற்றவனுக்குத்தான். முப்பது வருஷமாக மைக் செட் போடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் உன் தாய்மாமன் பெயர் இருந்தது.

"பேரு மாறிப் போச்சு போலயே" என்றேன்.

"மாறலீங்க. ஒங்க பையன்தான் பெங்களூர்லேந்து போன் பண்ணி மாத்தச் சொன்னாரு. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் அச்சகக்காரர்.

"தெரியாம என்னா, நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்குத் தொண்டையில கோளாறு. டாக்டர் ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னுட்டாரு."

"இப்ப பேசிக்கிட்டுதானே இருக்கீங்க?"

அதற்கு நான் இருமிக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். நீ மெதுவாகச் சொன்னாய்: "அப்பா, மைக்க கையில புடிச்சா என்னா பேசுவீங்கன்னு ஒங்களுக்கே தெரியாது. பொவனகிரி மறந்துடுச்சா? வெள்ளிக்கிழமைக்குள்ள ப்ரூஃப அனுப்பிடுங்க." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாய்.

புவனகிரி மறக்கவில்லை தம்பி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த நன்றியுரை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு 2004-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம்தான் உன்னைச் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிட்டு உன் அம்மாவோடு கடலூர் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓர இடம். பஸ்ஸே காலி என்று எழுதியிருந்தேன், உன் அம்மா அடித்துவிட்டாள், நின்றுகொண்டுதான் வந்தோமாம். சரி, நின்றுகொண்டே யோசித்தேன். பையன் இன்ஜினியர் ஆகப் போகிறான், நமக்கு நாற்பத்தெட்டு வயசு, நாம் என்ன செய்தோம்? இந்த மாவட்டத்தில் என் மைக்கில் பேசாத பெரிய மனிதர் கிடையாது. மந்திரி பேசியிருக்கிறார், சாமியார் பேசியிருக்கிறார், மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பேச ஆரம்பித்து இன்னும் முடிக்கவில்லை. ஆனால் அந்த மைக்கில் நான் பேசியது என்ன? ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ. அதற்கு மேல் நான்கு என்று கூடச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து ஆம்பிளிஃபயர் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் சாவதற்குள் செய்ய வேண்டியவை என்று ஆறு எழுதினேன். நீச்சல். பத்தாம் வகுப்பு பாஸ். பேப்பரில் போட்டோ. விமானம். உன் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துப் போவது. ஆறாவது, ஒரு சபையில் மைக் முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேசுவது. விழா நடக்கும்போதெல்லாம் பெட்டி திறந்தே இருக்கும், மூடி என் கண்ணுக்கு நேரே நிற்கும். எட்டு வருஷத்தில் ஆறுக்கும் டிக் போட்டாயிற்று என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கும் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த டிக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு உன் அப்பனுக்கு உண்மை பேச வருமா வராதா என்று நீயே முடிவு செய்.

நீச்சல். கடலூர் முதுநகரில் பிறந்தவன் நீச்சல் தெரியாது என்று வெளியே சொல்ல முடியுமா? 2005 கோடையில் உனக்கு ஹாஸ்டலுக்குப் போன் போட்டு வெள்ளாற்றைக் கடந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, கடந்தது சத்தியம். தண்ணீர்தான் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடந்து போனேன். நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடியது, செருப்பு நனைந்தது. நிஜமாக நீச்சல் பழகியது புவனகிரி பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் பம்புசெட் தொட்டியில். இடுப்பளவு தண்ணீர். அவர் மேலே நின்றுகொண்டு, "மாமா, கால எடுங்க, தரையில கால ஊனிக்கிட்டு கைய மட்டும் ஆட்டுனா அதுக்குப் பேரு நீச்சலா?" என்று கத்துவார். "கால எடுத்தா முழுவிடுவேன்யா" என்று நான் கத்துவேன். மூன்றாவது வாரம் கால் தானாக வழுக்கியது, மிதந்தேன். இருபது வீச்சு போனேன். ஒன்பது என்கிறாள் உன் அம்மா. தொட்டியின் நீளமே அவ்வளவுதான். இதில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். கட்டிக்கொள்கிறவளிடம் தொட்டியைத் தொட்டி என்றே சொல்லிவிடு. ஆறு என்று சொன்னால் என்றைக்காவது ஒருநாள் அவளே உன்னை ஆற்றங்கரைக்கு அழைத்துக்கொண்டு போய், எங்கே இறங்குங்கள் பார்க்கலாம் என்பாள். உன் அம்மா அழைத்துப் போனாள், ஐப்பசி மாதம், இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. எனக்கு அன்றைக்கு ஜலதோஷம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பேப்பரில் போட்டோ. சுருக்கமாக முடித்துவிடுகிறேன், பெருமைப்பட அதிகம் இல்லை. மந்திரியும் நானும் இருக்கிற போட்டோ என்று கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேனே, அதில் மந்திரி முழுசாக இருக்கிறார். மைக் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடிக்கிற கை ஒன்று ஓரத்தில் இருக்கிறது. அது என் கைதான், வாட்ச்சைப் பார்த்தால் தெரியும். காதும் பாதி விழுந்திருக்கிறது.

விமானம் நீ போட்ட டிக்கெட். 2010-ல் சென்னையிலிருந்து பெங்களூருக்கு. மேலே இருந்து சிதம்பரம் கோபுரம் நாலும் தெரிந்தது, கடலூர் லைட் ஹவுஸ் தெரிந்தது, நம் வீட்டு மாடியில் காய்ந்த பச்சைச் சட்டை தெரிந்தது என்று நம் தெரு முழுக்கச் சொன்னேன். நம் எதிர்வீட்டு அஞ்சல்காரர் மட்டும், "பெங்களூரு மேக்கால இருக்கு, கடலூரு தெக்கால இருக்கு, பைலட்டு ஒங்களுக்காக சுத்திக்கிட்டு போனானா?" என்று கேட்டார். எனக்கு வேண்டியவன் என்றேன். நிஜம் என்னவென்றால் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. பக்கவாட்டில் நாற்காலியின் கைப்பிடி இருந்தது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே இறங்கிக் கண்ணைத் திறந்தால் அது பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கை. பெரிய மீசை வைத்த ஆள். கையை உதறி உதறி ரத்தம் ஓட வைத்துக்கொண்டு, "மொதல் தடவையா?" என்று மட்டும் கேட்டார். "இல்ல, அடிக்கடி போறவன்" என்றேன். அவருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன், அவர் பேர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊட்டிக்கு 2011-ல் போனோம். அங்கே போனதும் உன் அம்மாவுக்குக் குளிரில் தொண்டை கட்டி மூன்று நாள் குரலே வரவில்லை. நான் ஒருவனே பேசினேன். மலையெல்லாம் மூடுபனி. அதோ ஏரி, அதோ தொட்டபெட்டா என்று தெரியாததை எல்லாம் தெரிவது போலக் காட்டிக்கொண்டு வந்தேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் முதல்முறையாக அவளிடம் கேட்டேன், ஊட்டி நான் உனக்காக எழுதிய ஆசையாயிற்றே, உனக்கென்று ஒரு பட்டியல் இருந்தால் அதில் என்ன எழுதுவாய் என்று. கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒண்ணே ஒண்ணுதான். நீங்க பேசி முடிச்சு, அப்பறம் நான் ஒரு தடவ பேசணும்" என்றாள். நீ கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே உன் பெண்டாட்டியிடம் இதைக் கேட்டுவிடு. இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும்.

பத்தாம் வகுப்பைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். காரணம் இருக்கிறது. நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். நீ காலேஜில் படிக்கிற அதே காலத்தில் நானும் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தனித்தேர்வராக உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். தமிழ், சமூக அறிவியல் எல்லாம் முதல் அடியிலேயே தாண்டிவிட்டேன். கணக்கு மட்டும் இரண்டு முறை என்னைத் தூக்கிப் போட்டது. மூன்றாவது முறை, சொந்த முயற்சியில் யார் உதவியும் இல்லாமல் எண்பத்தாறு வாங்கினேன் என்பது நீ கேள்விப்பட்டது. வாங்கியது முப்பத்தாறு. சொந்த முயற்சி என்பதும் இல்லை. ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஸ்பீக்கர் ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறிச் சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்குப் போவேன். அந்த வீடு உன் மாமா வீடு. உன் அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இன்றைக்கு ப்ரூஃபில் என் இடத்தில் இருக்கிற அதே ஆள்.

உன் அம்மாவுக்கே இது தெரியாது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "ரிப்பேருக்குப் போன ஸ்பீக்கரு நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்துச்சுன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்கிறாள்.

உன் மாமா பொறுமைசாலி. எனக்கும் அவருக்கும் எப்போதும் ஒத்து வராது, அது வேறு. வாத்தியார் என்பதால் அவருக்குத் தலைக்கனம் என்பது என் கட்சி, எனக்கு வாய்க்கனம் என்பது அவர் கட்சி. ஆனால் அந்த ஒரு வருஷம் அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, வட்டத்தோட பரப்பளவு கேட்டிருக்கு. நீங்க ஸ்பீக்கர் எத்தன வாட்ஸுன்னு எழுதி வச்சிருக்கீங்க" என்றார்.

"பெரிய வட்டம்னா வாட்ஸ் ஜாஸ்தி மச்சான். அனுபவத்துல சொல்றேன்."

"அனுபவத்துக்கு மார்க்கு இல்ல மாமா. ஆரத்த எழுதுங்க."

முப்பத்தாறு வந்த அன்று நான் வீட்டுக்குப் போகாமல் நேராக அவரிடம்தான் போனேன். அவர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. நான் கடலூர் வந்து இறங்குவதற்குள் முப்பத்தாறை எண்பத்தாறு ஆக்கி, அவரைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன். அவரும் இத்தனை வருஷத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பொய் மற்றதைப் போல இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது புவனகிரி.

2009. நீ படித்து முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலேஜிலேயே உன்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனி இன்று சேர், நாளை சேர் என்று தள்ளிக்கொண்டே வந்தது. உன் மாமா மகளுக்குக் காது குத்து, புவனகிரி பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில். மைக் செட் நான்தான். எட்டுக் கம்பத்தில் எட்டுக் குழாய் கட்டியிருந்தேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் நீ சொன்னாய். வேலை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது, அம்மாவிடம் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று. நான் சரி என்றேன். அங்கே போனதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உன்னிடம் வந்து எப்போ வேலையில சேர்றே, எப்போ சேர்றே என்று கேட்டார்கள். நீ போய்ப் புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்துகொண்டாய். நான் ஆம்பிளிஃபயர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தோள் இரண்டும் தொங்கிப் போய் உட்கார்ந்திருந்தாய்.

என் கையில் மைக் இருந்தது. டெஸ்டிங்தான் செய்ய எடுத்தேன், சத்தியமாக. ஒன் டூ த்ரீ சொன்னேன். அதற்கு மேல் வாய் தானாகப் போய்விட்டது. "என் மகனுக்கு அமெரிக்கா கம்பெனியில வேலை கெடச்சிருக்கு என்பதை இந்த நல்ல நேரத்துல தெரிவிச்சிக்கிறேன். விசா வந்தாச்சு. அடுத்த மாசம் பொறப்படுறான்." எட்டுக் குழாயும் சொல்லியது. சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. வீடு கொடுக்கிறார்கள், கார் கொடுக்கிறார்கள், ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினேன். கூட்டம் கை தட்டியது. இருநூறு பேர். நாற்பதாம், உன் அம்மா சொல்கிறாள். நாற்பது பேரும் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். உன் அம்மாவுக்கு அத்தை முறை ஆகிற ஒருத்தி, முறுக்குத் தூக்கு ஒன்றை உன் கையில் திணித்து, "அமெரிக்காவுலதான் என் தம்பி மவன் இருக்கான். போனதும் அவன்கிட்ட குடுத்துடு ராசா. நமுத்துப் போவாம பாத்துக்க" என்றாள். நீ அந்தத் தூக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாய். அடிக்கப் போகிறாயோ என்று கூட நினைத்தேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"இப்ப இருக்குற நான் ஒங்களுக்குப் பத்தலையாப்பா?"

அதன் பிறகு நான்கு மாதம் நீ என்னிடம் பேசவில்லை. அந்த நான்கு மாதமும் உன் மாமா வீட்டில்தான் இருந்தாய். அமெரிக்காவிலேந்து எப்போ வந்தே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நானோ அன்றைக்குச் சாயங்காலமே, குழாயெல்லாம் அவிழ்த்து வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், பெட்டி மூடியில் ஆறாவது ஆசைக்கு டிக் போட்டேன். ஐந்து நிமிஷம் பேசிவிட்டேன் இல்லையா? அப்படிப்பட்ட ஆள் உன் அப்பன்.

நேற்று பெயிண்ட் துடைக்கிற தின்னர் வைத்து அந்த டிக்கை அழித்துவிட்டேன். அழிக்கும்போது ஆசையும் பாதி அழிந்துவிட்டது, ஐந்து நிமிஷம் என்பது மட்டும் மறைந்துவிட்டது. அதை மறுபடி எழுதவில்லை.

ஒரு விஷயம் உன் அம்மா எழுதச் சொல்கிறாள். 2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்த மறுநாள், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் செட் போட்டேன். காணாமல் போனவர்கள் பெயர், இன்னார் மகன், இன்ன ஊர் என்று ஒருவர் எழுதி எழுதிக் கொடுப்பார், நான் வாசிப்பேன். இரண்டு நாள் வாசித்தேன். யாராவது கூட்டத்திலிருந்து எழுந்து ஓடி வந்தால் அடுத்த பெயருக்குப் போவேன். வரவில்லை என்றால் அதே பெயரை இன்னொரு முறை வாசிப்பேன். அந்த இரண்டு நாளில் நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை, ஒரு எழுத்துக் குறைக்கவில்லை. அதை நான் எந்தப் பட்டியலிலும் சேர்த்ததில்லை, யாரிடமும் பெருமை அடித்ததும் இல்லை. அதைப் பேச்சு என்று நான் நினைக்கவே இல்லை.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்து நன்றியுரையைப் பேசிக் காட்டினேன். மனசிலிருந்து பேசினேன். நான்காவது வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"சம்பந்தி எப்பங்க துணைவேந்தரு ஆனாரு?"

"ஆயிருக்க வேண்டியவருதானே?"

"நம்ம புள்ள கம்பெனியையே நடத்துறானா?"

"அவன் இல்லாம அது நடக்குமா?"

"ஒங்களுக்கு மைக்க பாத்தா என்னாதான் ஆவுது?" என்று கேட்டாள். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னேன். "எதிர்ல இருக்குற மூஞ்சிங்களப் பாக்குறேன். பஸ் ஏறி, புடவை மாத்தி, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு இவ்ளோ பேரு வந்திருக்காங்களே, வெறும் உண்மைய மட்டும் சொல்லி அனுப்புறதான்னு இருக்கு."

உன் அம்மா கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம், "அன்னிக்கு மைதானத்துல தப்பு வரலியே, ஏன்? கையில பேப்பர் இருந்துச்சு. எழுதி வச்சிக்கிட்டு படிங்க" என்றாள். எழுதினேன். அவள் அடித்தாள். எழுதினேன். அடித்தாள். கடைசியில் மிஞ்சியது இது: "எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு குடுத்தவங்களுக்கு நன்றி. வந்தவங்களுக்கு நன்றி. யாரும் சாப்புடாம போவாதீங்க." செல்போனில் நேரம் பிடித்துப் பார்த்தோம், பதினோரு வினாடி. முப்பது வருஷத்தில் என் மைக்கில் இவ்வளவு சின்ன நன்றியுரையை ஒருவரும் பேசியதில்லை. இது நான் கூட்டிச் சொல்வது இல்லை, உன் அம்மாவும் ஒப்புக்கொள்கிறாள். அந்தச் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ அன்று கேட்ட கேள்விக்கு மூன்று வருஷமாக நான் பதில் சொல்லவில்லை. பத்தும்டா. நீ காலேஜில் இரண்டு பேப்பர் அரியர் வைத்து எழுதிப் பாஸ் பண்ணினாய். வேலை போனதும் மாமா வீட்டுப் பின்கட்டில் இருந்துகொண்டு பத்தொன்பது கம்பெனிக்கு எழுதிப் போட்டாய். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி எடுத்துக்கொண்டது, எட்டு மாதம் நின்றாய், அதன் பிறகு பெங்களூர். உனக்குக் கீழே யாரும் வேலை பார்க்கவில்லை, நீ ஒருவருக்குக் கீழே வேலை பார்க்கிறாய். அந்த முறுக்குத் தூக்கைக் கழுவி, நீயே பஸ் ஏறிப் போய் அந்த அத்தையிடம் திருப்பிக் கொடுத்து, எனக்கு வேலை கிடைக்கவில்லை, முறுக்கை நாங்களே தின்றுவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தாய். அதை எனக்குச் சொன்னது அந்த அத்தைதான். இதில் நான் கூட்ட ஒன்றும் இல்லை, இடமும் இல்லை.

ப்ரூஃபை வந்தபடியே அனுப்புகிறேன். மறுபக்கத்தில் கிராமத்தின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் திருத்தியிருக்கிறேன். நன்றியுரை வரியில் நான் பேனா வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நீயே அச்சகத்துக்குப் போன் செய்து எந்தப் பெயர் என்று சொல்லிவிடு. என் பெயர் என்றால் சீட்டு இருக்கிறது, அதைத் தாண்டிப் பேசினால் உன் அம்மா மேடையிலேயே என் வேட்டியைப் பிடித்து இழுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். உன் மாமா பெயர் என்றால் அதுவும் நியாயம்தான். நாலு மாதம் உன்னை வைத்துக்கொண்டவர், ஒரு வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன். ஒன்றே ஒன்று, மச்சானுக்குக் கொஞ்சம் மூக்குக் குரல். அப்படியே விட்டால் சபையில் கீச்சென்று கேட்கும். அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் நான் போய் ட்ரெபிளை இரண்டு சுற்றுக் குறைத்து, பேஸைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். கணீரென்று இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா